பட்டாளத்திலிருந்து வந்தவரை வேலைக்கு எடுக்கப் போகிறீர்களா? பகாவிலிருந்து ஒரு வழிகாட்டி

மலேசியாவில், நெகிரி செம்பிலான் மாநிலத்துப் பகாவ் பட்டணத்தைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து செம்பனைக் குலைகளை ஆலைக்கு ஏற்றிப்போகும் லோரித் தொழில் எங்களுடையது. அப்பா இரண்டு லோரியோடு ஆரம்பித்தார், இப்போது ஒன்பது ஓடுகின்றன. ஓட்டுநர்கள், மெக்கானிக், கணக்குப் பார்க்கும் தங்கச்சி என்று மொத்தம் பதினான்கு பேர். காலையில் எந்த லோரி எந்தத் தோட்டத்துக்கு, யாருக்கு லைசென்ஸ் காலாவதியாகிறது, எந்த டயர் தேய்ந்துவிட்டது என்று எல்லாவற்றையும் நான் ஒருவனே தலையில் வைத்திருந்தேன். யார்டைத் தாங்கிப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும் என்று தோன்றியபோது முதலில் நினைவுக்கு வந்தவர்கள் பட்டாளத்துக்காரர்கள்தான். கெமாஸ் முகாம் எங்களுக்குப் பக்கம். அங்கிருந்து ஓய்வு பெற்றுப் பக்கத்துத் தாமானில் குடியிருப்பவர்களைச் சின்ன வயதிலிருந்தே பார்த்து வளர்ந்தவன் நான்.

2022இல் ஒருவரை எடுத்தேன். நான்கே மாதத்தில் போய்விட்டார், தப்பு என்னுடையது. 2023இல் இன்னொருவரை எடுத்தேன். அவர் இன்றும் எங்களோடு இருக்கிறார், யார்டு அவர் கையில் இருக்கிறது, எல்லாரும் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறோம். இரண்டுக்கும் நடுவில் நான் அலைந்த அலைச்சலை நீங்கள் அலைய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். லோரித் தொழில்தான் என்றில்லை. தோட்டத்துக் குத்தகை எடுப்பவர்கள், மரப்பட்டறை, பழக்கிடங்கு, பள்ளி வேன் நடத்துபவர்கள் எல்லாருக்கும் பொருந்தும்.

ஒரு கணக்கை மட்டும் முதலிலேயே மனதில் வையுங்கள். பதினெட்டு, இருபது வயதில் சேர்ந்த சாதாரணப் படைவீரர் 21 ஆண்டு சேவை முடித்துப் பென்ஷனோடு வெளியே வரும்போது அவருக்கு நாற்பது வயதுகூட ஆகியிருக்காது, அல்லது அப்போதுதான் தாண்டியிருக்கும். தனியார் துறையில் ஓய்வு வயது 60. ஆக, இருபது ஆண்டு அனுபவத்தோடு வந்து இன்னும் இருபது ஆண்டு உழைக்கக்கூடிய ஆள் அவர். ஆனால் நம் ஊர்களில் அவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் கேட்டில் நிற்கும் ஜாகா வேலைதான். மனசு கொதிக்கிறது.

1. வேலையை முதலில் எழுதுங்கள், ஆளை அப்புறம் தேடுங்கள்

நான் சறுக்கியது இங்கேதான். முதல் முறை எடுத்தவர் ஓய்வு பெற்ற கோப்ரல். "மேற்பார்வையாளர்" என்று பெயர் கொடுத்தேன், அதிகாரம் கொடுக்கவில்லை. மூன்றாவது வாரம், டயர் வழவழவென்று தேய்ந்திருந்த ஒரு லோரியை அவர் கேட்டிலேயே நிறுத்திவிட்டார். ஓட்டுநர் எனக்குப் போன் செய்தார். "சரி, இன்னைக்கு மட்டும் போகட்டும்" என்று சொன்னேன். இப்படி மூன்று தடவை. நான்காம் மாதக் கடைசியில், இஸ்திரி போட்ட சட்டையோடு அவர் என் மேசைக்கு வந்தார். ஒரு பக்கக் கடிதம், சுத்தமான மலாயில். பக்கத்தில் எல்லாச் சாவிகளும் வரிசையாக, ஒவ்வொன்றிலும் லோரி எண் எழுதிய அட்டைத்துண்டு கட்டியிருந்தது. "என் பேச்சு நிற்காத இடத்தில் நான் நின்றால் உங்களுக்கும் நஷ்டம்தான் முதலாளி" என்றார். அடுத்த மாதம் அதே லோரி டயர் வெடித்துச் சாலையோரம் நின்றது. குலைகளை வேறு லோரிக்கு மாற்ற அரை நாள் ஆனது. பழம் வெட்டிய 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும். தாமதித்தால் எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் இறங்கிவிடும். அன்றைய நஷ்டம் ஒரு செட் டயர் விலையைவிட அதிகம்.

அதனால் ஒரு தாளை எடுத்து இதை எழுதுங்கள்: அவர் யாரையும் கேட்காமல் தானாக முடிவு செய்யக்கூடியவை எவை? எங்கள் தாளில் இப்போது நான்கு உள்ளன. பாதுகாப்பில்லாத லோரியை நிறுத்துவது. காலையில் யார் எங்கே போவது என்று பிரிப்பது. 500 வெள்ளி (ரிங்கிட்) வரை உதிரிப் பொருள் வாங்குவது. எழுத்தில் முதல் எச்சரிக்கை கொடுப்பது. இந்த நான்கிலும் ஓட்டுநர் எனக்குப் போன் செய்தால், "அண்ணனிடம் பேசுங்கள்" என்பதுதான் என் பதில். ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே இந்தத் தாளை ஓட்டுநர்களுக்கு வாசித்துக் காட்டிவிடுங்கள். பட்டாளத்தில் ஒருவருக்குப் பொறுப்பு தரும்போது கூடவே அதிகாரமும் வரும். பொறுப்பு மட்டும் கொடுத்துவிட்டு அதிகாரத்தை நீங்களே வைத்துக்கொண்டால் நல்ல ஆள் தங்க மாட்டார்.

எழுதிப் பார்த்தபோது உங்களுக்குத் தேவைப்படுவது கேட்டில் நிற்கும் ஆள்தான் என்று தெரிந்தால் அப்படியே நேர்மையாகச் சொல்லி எடுங்கள். தலைமைப் பொறுப்பு என்று ஆசை காட்டி ஜாகா வேலை கொடுக்காதீர்கள்.

2. எங்கே தேடுவது

தற்காப்பு அமைச்சின் கீழ் இருக்கும் ஜபாத்தான் ஹால் ஏஹ்வால் வெத்தரான், அதாவது முன்னாள் படைவீரர் விவகார இலாகாதான் முதல் கதவு. அடுத்தது பெர்ஹெபாட். சுங்கை பூலோவில் இருக்கிறது. ஓய்வு பெறப் போகிறவர்களுக்குச் சேவையின் கடைசிக் கட்டத்தில் வெளியுலக வேலைக்கான பயிற்சி கொடுக்கும் கழகம் அது. நீங்கள் தேடுவது இன்னும் சில மாதத்தில் வெளியே வரப்போகும் ஆள் என்றால் இந்த வழிதான் நல்லது. வேலை விவரத்தை மலாயில் ஒரு பக்கத்துக்குள் எழுதிக் கொடுங்கள். சம்பளம், ஊர், தங்குமிடம் உண்டா இல்லையா என்ற மூன்றும் இல்லாத கடிதத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

மூன்றாவது, சொக்சோ என்றும் சொல்லப்படும் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கெசோ நடத்தும் மைஃபியூச்சர்ஜாப்ஸ் வேலை தேடும் தளம். இலவசம். அரசாங்க ஊக்கத்தொகைத் திட்டங்கள் ஏதாவது நடப்பில் இருந்தால் வேலையை இங்கே விளம்பரப்படுத்தியிருக்க வேண்டும் என்று கேட்பார்கள். அதனால் ஆளைச் சேர்த்த பிறகு போய்க் கேட்காதீர்கள். விளம்பரம் போடும் அன்றே பெர்கெசோ அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள். பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் இந்தத் திட்டங்கள் மாறும்.

நான்காவது, முன்னாள் இராணுவத்தினர் சங்கத்தின் வட்டாரக் கிளை. எனக்கு இரண்டாவது ஆள் கிடைத்தது இந்த வழியில்தான். ஜூலை 31 மாவீரர் தினத்தையொட்டி வட்டாரத்தில் இருக்கும் பழைய பட்டாளத்துக்காரர்கள் ஒன்றுகூடுவார்கள். அங்கே ஒருவரிடம் சொன்னால் போதும், ஒரு வாரத்தில் ஐந்து பேருடைய பெயர் வந்துவிடும்.

பொறி: "முன்னாள் இராணுவத்தினர் பட்டியல் எங்களிடம் இருக்கிறது" என்று வரும் ஏஜெண்டுகள். பதிவுக் கட்டணம் என்று 350 வெள்ளி கட்டினேன். அவர் அனுப்பிய பட்டியலில் பாதி எண்கள் உபயோகத்தில் இல்லை, மீதிப் பேர் ஏற்கெனவே வேலையில் இருந்தார்கள். முன்பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

3. ரேங்கைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள்

இதுதான் மிக முக்கியமானது, ஆனால் யாரும் சொல்லித் தருவதில்லை. "ஆர்மியில இருந்தாரு" என்பதோடு விட்டுவிடுகிறோம். உள்ளே ஒவ்வொரு ரேங்கும் ஒவ்வொரு வேலை.

லான்ஸ் கோப்ரல், கோப்ரல் என்றால் எட்டு, பத்துப் பேர் கொண்ட ஒரு சிறு குழுவைக் கையோடு நடத்தியவர். அவர்களோடு சேர்ந்து நடப்பார், சேர்ந்து சுமப்பார். உங்களுக்குக் கிடங்கில் ஒரு குழுவை முன்னின்று நடத்த ஆள் வேண்டுமென்றால் இவர் போதும்.

சார்ஜன் என்றால் முப்பது பேர் கொண்ட பிளாட்டூனில் இளம் அதிகாரிக்குப் பக்கத்தில் நின்றவர். அதிகாரி புதிதாகப் பயிற்சி முடித்து வந்திருப்பார், சார்ஜனுக்குப் பதினைந்து ஆண்டு அனுபவம் இருக்கும். மேலே இருப்பவருக்கு மரியாதை குறையாமல் உண்மையைச் சொல்லவும், கீழே இருப்பவர்களைக் கலையாமல் பிடித்து வைக்கவும் பழகியவர். தோட்டத்தில் சின்னத்துரைக்கும் மண்டோருக்கும் இடையில் என்ன நடக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இது சொல்லாமலே புரியும்.

ஸ்டாஃப் சார்ஜன் என்றால் பெரும்பாலும் சாமான்கள், ரேஷன், கணக்குப் புத்தகம். ஸ்டோர் வைத்திருப்பவர்கள் இவரைத் தேடுங்கள். வாரண்ட் அதிகாரி என்றால் நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் ஒழுங்கைக் கவனித்தவர். சிறு நிறுவனத்துக்குச் சில சமயம் இவர் அளவுக்கு மீறியவராக இருப்பார். மூன்று பேர் வேலை செய்யும் இடத்தில் அவருக்கும் சலிப்பு, உங்களுக்கும் சங்கடம்.

ரேங்கோடு எந்தப் படைப்பிரிவு என்றும் கேளுங்கள். ரெஞ்சர் என்றால் காலாட்படை, எல்லா இனத்தவரும் சேர்ந்து இருந்த இடம். தமிழ், மலாய், சீனம், ஈபான் பேசுகிறவர்களோடு ஒரே கூடாரத்தில் தூங்கி எழுந்தவர். கலவையான ஆட்கள் வேலை செய்யும் யார்டுக்கு இது பெரிய பலம். மின் இயந்திரப் பொறியியல் பிரிவு என்றால் பழுது பார்ப்பு. ஆர்டனன்ஸ் என்றால் கிடங்கு. சமிக்ஞைப் பிரிவு என்றால் தொலைத்தொடர்பு. எங்கள் அண்ணன் பொறியாளர் படையில் ஸ்டாஃப் சார்ஜனாக இருந்தவர். பாலமும் சாலையும் போட்ட பிரிவு, கனரக வண்டிகள் அவருக்குக் கைவந்த பழக்கம்.

4. பத்திரங்கள்

நேர்முகத்துக்கு வரும்போதே இவற்றின் நகலைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

மைகார்டு. சேவையில் இருந்தபோது அவரிடம் இருந்தது இராணுவ அடையாள அட்டை. வெளியே வந்ததும் தேசியப் பதிவு இலாகாவில் மைகார்டு எடுக்க வேண்டும். வந்து ஒரு மாதம்கூட ஆகாதவரிடம் இது கையில் இல்லாமல் போகலாம். மைகார்டு இல்லாமல் வங்கிக் கணக்கு, இபிஎஃப் என்ற ஊழியர் சேமநிதி, எல்லாமே தள்ளிப்போகும்.

சேவை முடிவுச் சான்று. சேர்ந்த நாள், முடித்த நாள், கடைசி ரேங்க், நடத்தை பற்றிய குறிப்பு. மூலப் பத்திரத்தைப் பாருங்கள், நகலை மட்டும் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். ஏன் வெளியே வந்தார் என்ற காரணமும் இதில்தான் தெரியும். 21 ஆண்டு முடிக்காமல் வந்தவர்களும் நிறைய உண்டு. பென்ஷன் இல்லாத அவர்களில் பலர் ஒப்பந்தம் முடிந்து நல்ல பெயரோடு வந்தவர்கள். பென்ஷன் இல்லை என்றதும் ஏதோ தப்பு செய்தவர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

படைவீரர் அட்டை அல்லது பென்ஷன் அட்டை. உள்ளே செய்த பயிற்சிகளின் சான்றிதழ்கள். பெர்ஹெபாட்டில் படித்திருந்தால் அந்தச் சான்றிதழ். மலேசியத் திறன் சான்றிதழ் இருந்தால் அதுவும்.

லைசென்ஸ். இது ஒரு பெரிய பொறி. இராணுவ லைசென்ஸை வைத்துக்கொண்டு வெளியே லோரி ஓட்ட முடியாது, சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயில் மாற்ற வேண்டும். ஏழரை டன்னுக்கு மேற்பட்ட வண்டிக்கு "இ" வகுப்பு. அதோடு சரக்கு ஏற்றிப் போக ஜிடிஎல் என்ற சரக்கு வண்டி ஓட்டுநர் உரிமம் தனியாக வேண்டும், அதற்குப் பயிற்சி வகுப்பும் உண்டு. பத்து ஆண்டு மூன்று டன் வண்டி ஓட்டியவர்தானே என்று முதல் நாளே சாவியைக் கொடுத்துவிட்டால், விபத்து நடந்த பிறகு காப்புறுதி கைவிரித்துவிடும். மாற்றும் செலவை யார் ஏற்பது என்று வேலைக் கடிதத்திலேயே எழுதுங்கள். நாங்கள் ஏற்றோம்.

இபிஎஃப் எண், வருமான வரி எண். சாதாரணப் படைவீரர்களின் சேமிப்பு பெரும்பாலும் இராணுவச் சேமநிதியான எல்டிஏடியில் இருக்கும், அதனால் "எனக்கு இபிஎஃப் கிடையாது" என்பார்கள். பட்டாளத்துக்குப் போகும் முன் தொழிற்சாலையில் ஆறு மாதம் வேலை செய்திருப்பார். பழைய எண் ஒன்று அங்கே தூங்கிக்கொண்டிருக்கும். கவுண்டரில் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அஸ்கார் வத்தானியாவில், அதாவது சேமப்படையில், இன்னும் இருக்கிறாரா என்றும் கேட்டுவிடுங்கள். பயிற்சி நாள்களை முன்கூட்டியே அட்டவணையில் போட்டுவிட்டால் பிறகு மனக்கசப்பு வராது.

5. நேர்முகம்

அலுவலக மேசையில் உட்கார்ந்து கேட்டால் பட்டாளத்துக்காரர் உங்களுக்குப் புரிய மாட்டார். "ஆமாம் சார், முடியும் சார்" என்பார், அவ்வளவுதான். தன் பெருமையைத் தானே பேச அவர்களுக்கு வராது. எதைக் கேட்டாலும் "நாங்கள் செய்தோம்" என்பார்கள். "அதில் நீங்கள் செய்தது எது?" என்று ஒவ்வொரு முறையும் திருப்பிக் கேட்க வேண்டும். சண்டையைப் பற்றி, துப்பாக்கியைப் பற்றி ஆர்வத்தில் கேட்காதீர்கள்.

நான் கேட்ட கேள்விகளில் பலன் தந்தவை இவை: கடைசியாக உங்கள் கீழ் எத்தனை பேர்? அவர்களில் மிகவும் சிரமம் கொடுத்தவரை என்ன செய்தீர்கள்? நீங்கள் லீவில் போனால் உங்கள் வேலையை யார் பார்த்தார், அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தது? மேலே இருந்தவர் தப்பான உத்தரவு கொடுத்தபோது என்ன சொன்னீர்கள்? மூன்றாவது கேள்விக்கு அவர் சொல்லும் பதிலைக் கவனமாகக் கேளுங்கள். தனக்குப் பின்னால் நிற்கப் போகிறவரைத் தயார் செய்தவர்தான் நமக்கு வேண்டியவர்.

அப்புறம் யார்டுக்குக் கூட்டிப் போங்கள். எங்கள் அண்ணன் வந்த அன்று நான் ஒன்றும் சொல்லவில்லை, "இந்த லோரியைப் பாருங்கள்" என்று மட்டும் சொன்னேன். டயரை ஒரு கட்டையால் தட்டிச் சத்தம் கேட்டார். குனிந்து அச்சுக்குக் கீழே கையை விட்டார், விரலில் ஒட்டிய எண்ணெயை மோந்து பார்த்தார். பின்விளக்கைத் துணியால் துடைத்தார். முகத்தைத் திருப்பாமலே, "இதை ஓட்டுகிற தம்பி யார்?" என்று கேட்டார். ஓட்டுநரைக் கூப்பிட்டதும், எல்லார் முன்னாலும் அவரைக் குறை சொல்லாமல், லோரியின் மறுபக்கத்துக்குக் கூட்டிப்போய்த் தாழ்ந்த குரலில் இரண்டு நிமிடம் பேசினார். அங்கேயே நான் முடிவு செய்துவிட்டேன். பட்டாளத்துத் தலைமை என்றால் கத்துவது என்று நினைத்திருந்தவன் நான். இத்தனை மாதங்களில் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டது ஒரே ஒரு முறை, பின்னோக்கி வந்த லோரியின் பாதையில் ஒரு பையன் நின்றபோது.

6. சம்பளமும் செலவும்

"மாசா மாசம் பென்ஷன் வருதே, கொஞ்சம் குறைச்சுக் கொடுத்தா போதும்" என்று உங்களிடம் பலர் சொல்வார்கள். கேட்காதீர்கள். பென்ஷன் அவர் ஏற்கெனவே உழைத்து முடித்ததற்கான கூலி. உங்களிடம் செய்யும் வேலைக்கு நீங்கள்தான் கூலி கொடுக்க வேண்டும். தனியாரில் வேலை செய்வதால் அவருடைய இராணுவப் பென்ஷன் நிற்காது. அந்தப் பயத்தில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். குறைந்தபட்சச் சம்பளம் ஐந்து பேரோ அதற்கு மேலோ வைத்திருக்கும் முதலாளிகளுக்கு 2025 பிப்ரவரி 1 முதலும், எல்லாருக்கும் ஆகஸ்ட் 1 முதலும் 1,700 வெள்ளி. பென்ஷன் வாங்குபவருக்கும் அதேதான்.

ஒரு கணக்கு. மாதச் சம்பளம் 2,800 வெள்ளி என்று வையுங்கள். ஐயாயிரமும் அதற்குக் கீழும் உள்ள சம்பளத்துக்கு முதலாளியின் இபிஎஃப் பங்கு 13 விழுக்காடு, அதாவது 364 வெள்ளி. சொக்சோ ஏறக்குறைய 48 வெள்ளி. வேலை காப்புறுதித் திட்டத்துக்கு ஐந்தரை வெள்ளி போல. ஆக மொத்தம் உங்கள் கையிலிருந்து போவது ஏறக்குறைய 3,220 வெள்ளி. ஊழியரின் 11 விழுக்காடு அவர் சம்பளத்திலிருந்து கழியும். இதை முதலிலேயே உட்கார்ந்து விளக்குங்கள். இராணுவச் சம்பளச் சீட்டுக்குப் பழகியவருக்கு முதல் மாதம் கையில் வரும் தொகை அதிர்ச்சியாக இருக்கும். எங்கள் அண்ணன் முதல் மாதச் சீட்டை இரண்டு முறை படித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

அறுபது வயதைத் தாண்டியவரை எடுத்தால் இபிஎஃப்பில் முதலாளி பங்கு 4 விழுக்காடு, சொக்சோ இரண்டாம் பிரிவு.

7. பதிவு, தவணைகள்

சுருக்கமாகச் சொல்கிறேன். இவர்தான் உங்கள் முதல் ஊழியர் என்றால் இபிஎஃப்பில் முதலாளியாக ஏழு நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். சொக்சோவில் 30 நாள். வருமான வரி வாரியத்துக்குப் புதிய ஊழியர் பற்றிய சிபி22 அறிவிப்பும் 30 நாளுக்குள். இபிஎஃப், சொக்சோ, மாதாந்தர வரிக்கழிவு எல்லாம் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள். 15 சனி ஞாயிறில் விழுந்தால் வெள்ளிக்கிழமையே கட்டிவிடுவது நிம்மதி.

வேலைக் கடிதத்தை முதல் நாளுக்கு முன்பே கையெழுத்து வாங்குங்கள். தகுதிகாண் காலம் எவ்வளவு, அதன் முடிவில் யார் எப்போது மதிப்பிடுவார் என்று எழுதியிருக்க வேண்டும். முதல் படியில் நீங்கள் எழுதிய அதிகாரத் தாளை இந்தக் கடிதத்தோடு பின் செய்துவிடுங்கள்.

8. முதல் தொண்ணூறு நாள்

எல்லாம் இங்கேதான் நிற்கும் அல்லது உடையும்.

முதல் வாரம் அவருக்கு எந்த முடிவும் எடுக்கும் வேலை கொடுக்காதீர்கள், பார்க்க விடுங்கள். ஒவ்வொரு லோரியிலும் ஒரு நாள் உட்கார்ந்து போகட்டும். ஆலையில் எடைச்சீட்டு எப்படி வாங்குகிறார்கள், வரிசை எவ்வளவு நேரம், தோட்டத்துக் கிராணியோடு எப்படிப் பேச வேண்டும் என்பதெல்லாம் முகாமில் கற்றுத் தராதவை. அங்கே உத்தரவு போட்டால் வேலை நடக்கும். இங்கே ஆலையின் எடைமேடைக்காரரிடம் உத்தரவு போட முடியாது. அந்த வித்தியாசம் பிடிபட ஒரு மாதமாவது ஆகும், அவசரப்படுத்தாதீர்கள்.

பழைய ஆள்களின் எதிர்ப்பு கட்டாயம் வரும். எங்களிடம் முப்பது ஆண்டு லோரி ஓட்டிய மாமா ஒருவர் இருக்கிறார், வயது ஐம்பத்தெட்டு. "நேத்து வந்தவன் எனக்கு டயர் பார்க்கச் சொல்லித் தருவானா" என்று நேராக என்னிடமே வந்தார். முதல் தடவையானால் நான் சமாதானம் பேசி இரண்டு பக்கமும் கெடுத்திருப்பேன். இம்முறை, "அண்ணனிடமே சொல்லுங்கள் மாமா" என்றேன். அண்ணன் என்ன செய்தார் என்றால், காலை சோதனைக்கான பட்டியலை மாமாவிடம் கொடுத்து, "இதில் விட்டுப்போனதை நீங்கள்தான் எழுத வேண்டும் மாமா, இந்தச் சாலைகள் உங்களுக்குத்தான் தெரியும்" என்றார். மாமா மூன்று வரி சேர்த்தார். மழைக்குப் பிறகு தோட்டத்துச் சிறு பாலங்களில் எந்தப் பக்கம் ஏற வேண்டும் என்பது அதில் ஒன்று. அந்தப் பட்டியல் இன்றும் யார்டுச் சுவரில் மாமாவின் கையெழுத்தோடு தொங்குகிறது.

காலை ஐந்தரைக்கு ஒரு பத்து நிமிடக் கூட்டம் வைக்கச் சொன்னார். எனக்குத் தயக்கம். ஆனால் நம் ஆள்களுக்கு இது புதிதா என்ன? தோட்டத்தில் பிறந்தவர்கள் எல்லாரும் அப்பா அம்மா இருட்டோடு பெரட்டுக்கு, அதாவது வேலை பிரிக்கும் காலைக் கூட்டத்துக்கு, போவதைப் பார்த்து வளர்ந்தவர்கள்தானே. ஓட்டுநர்கள் அதற்குப் "பெரட்டு" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இன்று யார் எங்கே, சாலை எப்படி, யாருக்கு உடம்பு சரியில்லை. பத்து நிமிடத்துக்கு மேல் போவதில்லை. எல்லாரும் தேத்தண்ணி வாங்கிய பிறகுதான் அவர் வாங்குவார்.

நீங்கள் செய்ய வேண்டியது: வாரம் ஒரு முறை அரை மணி நேரம் அவரோடு தனியாக உட்காருங்கள். பிரச்சினையைத் தானாக வந்து சொல்ல மாட்டார், தாங்கிக்கொள்வது அவருக்குப் பழக்கம். "எது கஷ்டமாக இருக்கிறது?" என்று நீங்கள்தான் கேட்க வேண்டும். இரண்டாம் மாதம் அப்படிக் கேட்டபோதுதான், பழைய வெடிச்சத்தங்களால் அவருக்கு ஒரு காது மந்தம் என்று தெரிந்தது. கைப்பேசியில் வந்த தகவலில் பாதி அவருக்குக் கேட்கவே இல்லை. எழுத்துத் தகவலுக்கு மாறினோம், பிரச்சினை தீர்ந்தது. இராணுவ மருத்துவமனையில் சந்திப்பு இருந்தால் லீவு கொடுக்கத் தயங்காதீர்கள்.

9. கூடுதல் நேரம்

ஓ.டி. எழுத மாட்டார்கள். வேலை முடியும்வரை நிற்பதுதான் அவர்களுக்குத் தெரியும். அதைச் சாதகமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அது பாவம், சட்டவிரோதமும்கூட. வாரத்துக்கு 45 மணி நேரம்தான். நாலாயிரம் வெள்ளி வரை சம்பளம் உள்ளவருக்குக் கூடுதல் நேரத்துக்கு ஒன்றரை மடங்கு. 2,800 வெள்ளிக்குக் கணக்குப் போட்டால்: 26ஆல் வகுத்து, எட்டால் வகுத்து, ஒன்றரையால் பெருக்குங்கள். மணிக்கு 20 வெள்ளி 19 காசு. வருகைப் பதிவை அவரிடம் விடாமல் நீங்களே பாருங்கள்.

10. பயிற்சிக்கு யார் பணம் கொடுப்பது

மலேசிய ஊழியர்கள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் மனிதவள மேம்பாட்டு நிறுவனமான எச்ஆர்டி கோர்ப்புக்கு மாதச் சம்பளத்தில் ஒரு விழுக்காடு கட்டிக்கொண்டிருப்பீர்கள். அந்தப் பணத்தை இவருக்குப் பயன்படுத்துங்கள். பல முதலாளிகள் கட்டுகிறார்கள், எடுப்பதில்லை. பயிற்சி தொடங்குவதற்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும்.

2024 ஜூன் 1 முதல் ஐந்து பேரோ அதற்கு மேலோ வைத்திருக்கும் முதலாளி, தன் ஊழியர்களில் ஒருவரைப் பணியிடப் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளராக நியமிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. சிறு தொழில் நடத்தும் பலர் இதை இன்னும் கவனிக்கவில்லை. பட்டாளத்திலிருந்து வந்தவருக்கு இதைவிடப் பொருத்தமான பொறுப்பு கிடையாது. சில நாள் பயிற்சிதான். எங்கள் அண்ணனை அனுப்பினோம், திரும்பி வந்து முதல் வேலையாகத் தீயணைப்புக் குப்பிகளின் காலாவதித் தேதியைப் பார்த்தார். இரண்டு காலாவதியாகி இருந்தன.

உள்ளே கற்ற தொழிலுக்கு வெளியே சான்றிதழ் இல்லாதவர்களுக்கு, வகுப்பில் உட்காராமல் அனுபவத்தை நிரூபித்து மலேசியத் திறன் சான்றிதழ் பெறும் வழி இருக்கிறது. திறன் மேம்பாட்டு இலாகாவில் பிபிடி என்று கேளுங்கள். வேலை செய்த படங்கள், பழைய பதிவேடுகள், மேலதிகாரி கடிதம் எல்லாம் சேர்த்துக் கோப்பு தயாரிக்க வேண்டும். எங்கள் அண்ணனுக்கு மாலை நேரங்களில் இரண்டு மாதம் பிடித்தது, தங்கச்சி தட்டச்சு செய்து கொடுத்தாள்.

11. எப்போது தொடங்குவது

எங்களுக்கு விளம்பரம் போட்டதிலிருந்து ஆள் முதல் நாள் யார்டில் நின்றது வரை ஏழு வாரம். லைசென்ஸ் மாற்றி ஜிடிஎல் கையில் வர மேலும் சில வாரம். முழுப் பொறுப்பையும் ஏற்க இன்னும் மூன்று மாதம். குலை அதிகமாக வரும் மாதங்கள் பொதுவாக ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை, அந்த நேரத்தில் புது ஆளுக்குக் கற்றுத்தர உங்களுக்கும் நேரம் இருக்காது, ஓட்டுநர்களுக்கும் பொறுமை இருக்காது. சீனப் புத்தாண்டு முடிந்த கையோடு அதிகாரத் தாளை எழுதி, மார்ச்சில் கடிதங்களை அனுப்பிவிடுங்கள்.